பல வருடம் கழித்து மறுபடி ஓட வருகிறவர்களுக்கு: ஜூனில் தொடங்கி ஜனவரிக்குள் பத்து கிலோமீட்டர்

கல்லூரியிலோ இருபதுகளிலோ நன்றாக ஓடியிருப்பீர்கள். பிறகு வேலை, கல்யாணம், குழந்தை, இடமாற்றம் என்று ஐந்து வருடமோ பத்து வருடமோ விட்டுப்போயிருக்கும். இப்போது மறுபடி ஓட ஆசை. அப்படி வருகிறவர்களுக்காகத்தான் இது.

புதிதாக ஓட வருகிறவருக்கு இல்லாத ஆபத்து ஒன்று உங்களுக்கு உண்டு. உங்கள் மூச்சு சீக்கிரம் திரும்பிவிடும். ஓடத் தொடங்கிய இரண்டு வாரத்துக்குள் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது. ஆறாவது வாரத்தில் பேசிக்கொண்டே ஓட முடியும். ஆனால் தசைநாணும் எலும்பும் அந்த வேகத்தில் மாறுவதில்லை. எலும்பு புதுச் சுமைக்குப் பழகும்போது பழைய பகுதியை முதலில் அரித்துவிட்டு, பிறகுதான் புதிதாக நிரப்பும். ஒரு சுற்று முடிய மூன்று நான்கு மாதம் ஆகும். நடுவில் சில வாரம் அந்த இடம் முன்பைவிட பலவீனமாகவே இருக்கும். மூச்சு தயாராகிவிட்டது, கால் இன்னும் தயாராகவில்லை என்ற அந்த இடைவெளியில்தான் பெரும்பாலானவர்கள் அடிபடுகிறார்கள். கீழே வரும் கட்டுப்பாடுகள் எல்லாம் அதைக் கடப்பதற்காகத்தான்.

சென்னையை வைத்து எழுதியிருக்கிறேன். ஜனவரித் தொடக்கத்தில் வரும் சென்னை மாரத்தானில் பத்து கிலோமீட்டர் என்பது இலக்கு. ஜூன் முதல் வாரம் தொடங்கினால் ஏறத்தாழ முப்பது வாரம் கிடைக்கும். கோவை மாரத்தான் டிசம்பரில் என்பதால் கோவைக்காரர்கள் மே மாதமே தொடங்குவது நல்லது.

1. முதலில் டாக்டர், பிறகு ஷூ கடை

நாற்பது வயது தாண்டியவர்கள், சர்க்கரை, பி.பி., கொலஸ்ட்ரால் உள்ளவர்கள், புகைபிடிப்பவர்கள், அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்குள், அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ 65 வயதுக்குள் மாரடைப்பு வந்த குடும்பத்தினர்: இவர்களில் ஒருவராக நீங்கள் இருந்தால் டாக்டரைப் பார்க்காமல் ஓடாதீர்கள். மாடி ஏறும்போது நெஞ்சு இறுகுவது, காரணமில்லாமல் தலைசுற்றுவது, படபடப்பு இவற்றில் ஏதாவது இருந்தால் எந்த வயதானாலும் பார்த்தாக வேண்டும்.

கேட்டு எடுத்துக்கொள்ள வேண்டியவை: பி.பி., இ.சி.ஜி., வெறும்வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சர்க்கரை அளவு, கொலஸ்ட்ரால், ஹீமோகுளோபின். பெண்களுக்கு, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்புச் சேமிப்பு தீர்ந்துபோயிருந்தால் ஓட்டம் ஏறாது. அதைச் சோம்பல் என்று தவறாக நினைத்துக்கொள்வார்கள். டிரெட்மில் டெஸ்டும் எக்கோவும் எல்லாருக்கும் தேவையில்லை, டாக்டர் சொன்னால் எடுங்கள். தனியார் பரிசோதனைக் கூடத்தில் ரத்தப் பரிசோதனையும் இ.சி.ஜி.யும் ஏறத்தாழ 1,500 முதல் 2,500 ரூபாய்க்குள் முடியும். டிரெட்மில் டெஸ்ட், எக்கோ ஒவ்வொன்றுக்கும் இன்னும் அதே அளவு வைத்துக்கொள்ளுங்கள். அரசு மருத்துவமனையில் பெரும்பாலும் செலவே இல்லை, ஒரு காலைப்பொழுது போகும்.

மாத்திரைச் சீட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள். மெட்டோப்ரோலால், அடெனோலால் போன்ற மாத்திரைகள் இதயத் துடிப்பைக் கட்டுப்படுத்துபவை. அவற்றைச் சாப்பிடுகிறவர்கள் வாட்சில் தெரியும் துடிப்பை வைத்து ஓட்டத்தை அளக்க முடியாது. கிளிமெபிரைடு, இன்சுலின் எடுப்பவர்களுக்கு ஓட்டத்தின் நடுவிலோ சில மணி நேரம் கழித்தோ சர்க்கரை இறங்கலாம். அளவை மாற்ற வேண்டுமா என்று டாக்டரிடமே கேளுங்கள், பையில் குளுக்கோஸ் வைத்திருங்கள்.

பிரசவம் ஆனவர்கள் குறைந்தது பன்னிரண்டு வாரம் ஓட்டத்தைத் தள்ளிவையுங்கள். குதிக்கும்போது சிறுநீர் கசிந்தாலோ அடிவயிறு கீழே இழுப்பதுபோல் கனத்தாலோ இடுப்புத்தளத் தசைக்குப் பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள். இது வெட்கப்பட்டு மறைக்கிற விஷயமில்லை, சரியாகக்கூடியது.

2. பழைய ஷூவைத் தூக்கிப் போடுங்கள்

பரணில் இருக்கும் அந்த நல்ல ஷூவை எடுத்துக் கட்டைவிரலால் நடு அட்டையை (பாதத்துக்கும் அடி ரப்பருக்கும் நடுவில் இருக்கும் ஃபோமை) அழுத்திப் பாருங்கள். பஞ்சுபோல் உள்ளே போய் வர வேண்டும். நம் ஊர் ஈரப்பதத்திலும் சூட்டிலும் சும்மா வைத்திருந்தாலே ஃபோம் இறுகிவிடும், பசை விட்டுவிடும். சில வகை நடு அட்டை மாவு மாதிரி உதிரும். ஐந்து வருடம் பெட்டியில் இருந்த ஷூ மேலே புதிதாகத் தெரிந்தாலும் ஓட்டத்துக்கு உதவாது.

ஆரம்பத்துக்கு 3,000 ரூபாயிலிருந்து 6,000 ரூபாய்க்குள் நல்ல ஷூ கிடைக்கும். சாயங்காலம் போய் வாங்குங்கள், கால் அப்போது கொஞ்சம் வீங்கியிருக்கும். ஓடும்போது போடும் சாக்ஸையே போட்டுப் பாருங்கள். நின்றபடி, நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். வயதோடும் எடையோடும் கர்ப்பத்தோடும் பாதம் நீளும், அகலும். பழைய அளவைச் சொல்லி ஆன்லைனில் வாங்குவதுதான் கால் நகம் கறுத்துப்போக ஒரு காரணம். கார்பன் தகடு வைத்த போட்டி ஷூ இப்போது வேண்டாம். ஒரு ஜோடி 500 முதல் 800 கிலோமீட்டர் வரை உழைக்கும் என்பதால் இந்த முப்பது வாரத்துக்கு ஒன்றே போதும். பருத்தி சாக்ஸ் வேண்டாம், வியர்வையில் நனைந்து கொப்புளம் போடும்.

3. நேரமும் இடமும்

சென்னையில் ஜூன் மாதம் ஓடுவதென்றால் காலை 5 மணி. 5.45-க்குள் விடிந்துவிடும், 6.30-க்கு மேல் வெயில் உறைக்கும். விடியற்காலையில் சூடு குறைவு, ஆனால் ஈரப்பதம் உச்சத்தில் இருக்கும். வியர்வை காயாது, உடம்பு குளிராது. பழகாத உடம்பு இதற்குப் பழக பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். அதுவரை வழக்கத்தைவிடத் துடிப்பு ஏறியே நிற்கும். உங்களுக்குத் தெம்பு குறைந்துவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை.

மெரினாவில் உழைப்பாளர் சிலையிலிருந்து கலங்கரை விளக்கம் நோக்கி ஓடும் பாதை சமதளம், ஆள் நடமாட்டம் உண்டு. பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையும் அப்படியே. மணலில் ஓடுவது காலுக்கு மென்மை என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். குதிகால் புதைவதால் கெண்டைக்காலும் குதிகால் தசைநாணும் அதிகமாக இழுபடும். மணலோரச் சரிவில் ஒரு கால் எப்போதும் தாழ்ந்தே விழும். முதல் மூன்று மாதம் கெட்டித் தரைதான்.

ஸ்டேடியம் கிடைத்தால் உள்வட்டத்தில் ஒரு சுற்று 400 மீட்டர். கூட்டத்தால் எட்டாவது தடத்துக்குத் தள்ளப்பட்டால் ஒரு சுற்று ஏறத்தாழ 453 மீட்டர், கணக்கில் வையுங்கள். ஒரே திசையில் வளைந்துகொண்டே இருந்தால் ஒரு பக்க முழங்கால் வலிக்கும், தனியாக இருக்கும் நாளில் திசையை மாற்றுங்கள்.

தெருநாய் துரத்தினால் ஓடாதீர்கள். நின்று, அதன் கண்ணை உற்றுப் பார்க்காமல், மெதுவாக நடந்து விலகுங்கள். கடித்தாலோ, பல் பட்டுக் கீறினாலோ ஓடும் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள், அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். முதல் ஊசி போட்ட நாளிலிருந்து 3-ஆம் நாள், 7-ஆம் நாள் என்று தொடர்ச்சி உண்டு. சீட்டைப் பத்திரப்படுத்துங்கள், ஒரு ஊசியையும் விடாதீர்கள். காயத்தின் ஆழத்தைப் பொறுத்துக் கடிவாயிலேயே வேறொரு மருந்தும் போடுவார்கள், வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

4. முதல் பன்னிரண்டு வாரம்

தொடங்கும் முன் ஒரு சோதனை: 45 நிமிடம் வேகமாக நடந்துவிட்டு, மறுநாள் காலை கால் பிடிப்பில்லாமல் எழ முடிகிறதா? முடியவில்லை என்றால் இரண்டு மூன்று வாரம் நடையோடு நிறுத்துங்கள்.

வாரத்துக்கு மூன்று நாள், நடுவில் ஒருநாள் இடைவெளி. ஒவ்வொரு நாளும் ஐந்து நிமிட நடையோடு தொடங்கி, ஐந்து நிமிட நடையோடு முடியுங்கள். நடுப்பகுதி இப்படி:

1, 2-ஆம் வாரம்: 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 7 முறை.
3, 4-ஆம் வாரம்: 2 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 6 முறை.
5, 6-ஆம் வாரம்: 4 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை, 5 முறை.
7-ஆம் வாரம்: திரும்பவும் 3-ஆம் வாரத்து அளவு.
8, 9-ஆம் வாரம்: 9 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை, 3 முறை.
10 முதல் 12 வரை: நிறுத்தாமல் 30 நிமிடம்.

வேகம்? முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம். முன்பு கிலோமீட்டருக்கு ஐந்தரை நிமிடத்தில் ஓடியவருக்கு இப்போது எட்டு நிமிடம் ஆகலாம், ஒன்பதும் ஆகலாம். வாட்ச் வைத்திருப்பவர்கள் வயதை 0.7-ஆல் பெருக்கி 208-இலிருந்து கழியுங்கள். வருவது உச்சத் துடிப்பின் தோராயம். 45 வயதுக்கு 176 அல்லது 177. அதில் நான்கில் மூன்று பங்கு, அதாவது 132-ஐ ஒட்டி ஓடினால் போதும். பழைய ஓட்டங்கள் சேமித்த ஆப் இருந்தால் புதுக் கணக்கு தொடங்குங்கள். பழைய வேகம் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் அதைத் துரத்தத்தான் தோன்றும்.

5. நான்காவது வாரத்திலிருந்து பத்தாவது வாரம் வரை

ஓட்டத்தை விட்டு மறுபடி போகிறவர்களில் பெரும்பாலானோர் போவது இந்தக் கட்டத்தில்தான். அட்டவணை சொல்லும் ஓட்டம் முடிந்ததும் இன்னும் பாதித் தெம்பு மிச்சம் இருக்கும். "இவ்வளவுதானா?" என்று தோன்றும். பழைய நண்பர் ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லிக் கூப்பிடுவார். சென்னையில் பகுதிக்குப் பகுதி ஓட்டக் குழுக்கள் இருக்கின்றன, நல்ல மனிதர்கள், புதியவர்களை அன்போடு சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் அவர்களுடைய சாதாரண ஞாயிறு ஓட்டமே பன்னிரண்டு, பதினைந்து கிலோமீட்டர். பேச்சு சுவாரசியத்தில் நீங்களும் எட்டு வரை போய்விடுவீர்கள். அன்றைக்கு ஒன்றும் ஆகாது. பத்து நாள் கழித்துத்தான் கணைக்கால் எலும்பு (முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு) வலிக்க ஆரம்பிக்கும்.

அதனால் ஒரே ஒரு விதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். அட்டவணையே சொல்லும் ஏற்றத்தைத் தவிர, கடந்த முப்பது நாளில் ஒரே ஓட்டத்தில் நீங்கள் ஓடிய அதிகத் தூரம் எதுவோ, அதைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் எந்த ஒரு நாளும் போகாதீர்கள். வாரத்தின் மொத்தத்தை மட்டும் பார்ப்பவர்கள், செவ்வாயும் வியாழனும் விட்டுப்போனதை ஞாயிறு ஒரே நாளில் ஈடுகட்டுவார்கள்; காலைக் கெடுப்பது அந்த ஒற்றை நாள்தான். விட்டுப்போன நாள் போகட்டும், அதைத் திருப்பிச் செலுத்த வேண்டியதில்லை.

தொலைவும் வேகமும் ஒரே வாரத்தில் ஏறக்கூடாது. பன்னிரண்டு வாரம் முடியும்வரை இண்டர்வல் (விட்டுவிட்டு வேகமாக ஓடும் பயிற்சி), மேடு ஏறி ஓடுவது இரண்டும் கிடையாது. குழுவோடு போக ஆசையாக இருந்தால் போங்கள், உங்கள் முப்பது நிமிடம் முடிந்ததும் டீக்கடையில் காத்திருங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

13-ஆம் வாரத்திலிருந்து மூன்று நாளில் ஒருநாளை மட்டும் நீட்டுங்கள்: 33 நிமிடம், 36, 39 என்று. நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஒரு வாரம் குறைத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் கடைசியில் 55, 60 நிமிடம் தொடர்ந்து ஓடும் நிலை வந்துவிடும். அதன் பிறகும் ஏறத்தாழ ஒன்பது வாரம் மிச்சம் இருக்கும். வடகிழக்குப் பருவமழை அதில் பாதியைத் தின்றுவிடும். தண்ணீர் தேங்கிய சாலையில் ஓடாதீர்கள், திறந்த சாக்கடையும் மின்கசிவும் கண்ணுக்குத் தெரியாது. அந்த நாட்களில் வீட்டுப் படிக்கட்டில் நடை, அடுத்து வரும் கெண்டைக்கால் பயிற்சி. நனைந்த ஷூவின் உள்ளட்டையை எடுத்துவிட்டு, செய்தித்தாளைக் கசக்கித் திணித்து ஃபேனுக்கு அடியில் வையுங்கள். வெயிலில் காயவைத்தால் பசை விடும்.

6. வாரம் மூன்று நாள் கெண்டைக்கால்

ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் கெண்டைக்காலின் உள்தசை உடல் எடையைப்போல் ஆறு மடங்குக்கு மேல் சுமக்கிறது. வயது ஏற ஏற இந்தப் பகுதி வலுவிழக்கும். படிக்கட்டு விளிம்பில் முன்பாதத்தை மட்டும் வைத்து, கைப்பிடியை லேசாகத் தொட்டபடி, இரண்டு எண்ணி மேலே, மூன்று எண்ணிக் கீழே. இரண்டு காலிலும் 15 முறை, மூன்று தடவை. மூன்று வாரம் கழித்து ஒற்றைக் காலில் 8, 10 என்று ஏற்றுங்கள். ஒரு காலில் நிறுத்தாமல் 20 முதல் 25 வரை முழு உயரத்துக்கு எழும்ப முடிந்தால் கால் ஓட்டத்துக்குத் தயார். பாதிச் செட்டை முழங்காலைக் கொஞ்சம் மடக்கிச் செய்யுங்கள், உள்தசைக்கு வேலை போவது அப்போதுதான்.

இதோடு நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது 12 முறை, மூன்று தடவை. மொத்தம் கால் மணி நேரம், செலவு இல்லை. ஓட்டத்துக்கு முன் நின்றபடி காலை நீட்டி இழுப்பதைவிட ஐந்து நிமிட நடை மேல்.

7. எந்த வலிக்கு நிறுத்த வேண்டும்

தொடை முன்பக்கமும் கெண்டைக்காலும் இரண்டு காலிலும் ஒரேமாதிரி வலித்து, இரண்டு மூன்று நாளில் போனால் அது பயிற்சி வலி. ஒரு காலில் மட்டும் வலித்தால் கவனியுங்கள்.

கணைக்கால் எலும்பின் உள்ளோரம் ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்து, ஓட ஓடக் குறைந்தால் அது பெரும்பாலும் ஷின் ஸ்ப்ளிண்ட்ஸ். ஓட்டத்தைப் பாதியாக்கி இரண்டு வாரம் பாருங்கள். ஒரு விரலால் தொட்டுக் காட்டும்படி ஒரே புள்ளியில் வலித்து, ஓட ஓடக் கூடி, ராத்திரியிலும் விண்விண்ணென்றால் எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கலாம். அன்றோடு ஓட்டம் நிற்க வேண்டும். முதல் இரண்டு மூன்று வாரத்தில் எக்ஸ்ரேயில் இது தெரியாமல் போவது சகஜம். எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்று திரும்ப ஓடி முழு முறிவாக்கிக்கொள்ளாதீர்கள், எலும்பு டாக்டரிடம் எம்.ஆர்.ஐ. தேவையா என்று கேளுங்கள்.

காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் அடியில் குதிகால் குத்தினால் பாதத்தளச் சவ்வுப் பிரச்சினை. வீட்டுக்குள் வெறுங்காலோடு நடப்பதை விட்டுவிட்டு மெத்தென்ற செருப்புப் போடுங்கள், கெண்டைக்கால் பயிற்சியை விடாதீர்கள்.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடவே கூடாது. டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் இரண்டும் வியர்த்து வற்றிய உடம்பில் சிறுநீரகத்தைப் பாதிக்கும், வலி தரும் எச்சரிக்கையையும் மறைத்துவிடும். காய்ச்சல் இருக்கும்போதும் ஓடாதீர்கள், இதயத் தசை வீங்கும் அபாயம் உண்டு. ஓட்டத்தின் நடுவே நெஞ்சு அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, கண் இருட்டுவது வந்தால் உட்கார்ந்துவிடுங்கள், பக்கத்தில் இருப்பவரிடம் 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள்.

8. தண்ணீர், உப்பு

ஓடும் முன்னும் பின்னும் ஈர உடையைக் கழற்றி எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் வியர்வை. சென்னையில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர் சாதாரணம். எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள், அதுவும் ஆபத்து. ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். முப்பது நிமிடத்துக்கு நடுவில் எதுவும் வேண்டாம். ஒரு மணி நேரம் நெருங்கும்போது தாகத்துக்குக் குடியுங்கள். முடித்ததும் உப்புப் போட்ட மோர், பிறகு இட்லியும் முட்டையும் அல்லது சுண்டல்.

ஓ.ஆர்.எஸ். வாங்கினால் பாக்கெட்டில் எத்தனை மில்லி என்று படியுங்கள். 200 மில்லி பாக்கெட்டும் உண்டு, ஒரு லிட்டர் பாக்கெட்டும் உண்டு. லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்தால் உப்பு மிகுந்து வயிற்றைக் கலக்கும். அட்டைப் பெட்டியில் பழச்சுவையோடு வரும் இனிப்புப் பானம் அதற்கு மாற்று அல்ல.

9. பதிவு, ஆவணம், பிப்

பதிவு பல மாதம் முன்பே திறந்துவிடும், முதலில் பதிபவர்களுக்குக் கட்டணம் குறைவு. பத்து கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1,000 முதல் 2,000 ரூபாய்க்குள் ஆகும். பணம் பொதுவாகத் திரும்பி வராது. அதனால் 9-ஆம் வார அளவை வலியில்லாமல் முடித்த பிறகு, ஆகஸ்ட் வாக்கில் பதியுங்கள். ஆர்வத்தில் அரை மாரத்தானுக்குப் பதிந்துவிடாதீர்கள். அந்தப் பணம் போகக்கூடாது என்பதற்காகவே காயத்தோடு ஓடுகிறவர்கள் நிறைய பேர். தூரத்தை மாற்றும் வசதி, அதற்கான கடைசித் தேதி, ஓடி முடிக்க வேண்டிய கால வரம்பு மூன்றையும் விதிமுறையில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

கேட்கும் விவரங்கள்: அடையாள அட்டையில் உள்ளபடி பெயர், பிறந்த தேதி, ரத்த வகை, அவசரத்துக்கு அழைக்க வேண்டியவரின் எண், டி-ஷர்ட் அளவு. அந்த எண் உங்களோடு ஓடுகிறவருடையதாக இருக்கக்கூடாது. வீட்டில் இருப்பவருடையதைக் கொடுங்கள். நேரச் சான்று (முன்பு ஒரு போட்டியை ஓடி முடித்த நேரத்துக்கான சான்றிதழ்) கேட்டால் பழையதை எடுத்து நீட்ட முடியாது, குறிப்பிட்ட காலத்துக்குள் ஓடியதைத்தான் ஏற்பார்கள். மும்பை மாரத்தானின் அரை, முழுத் தூரங்களுக்கு இதில் கறாராக இருப்பார்கள். பின்னால் அங்கே போகும் எண்ணம் இருந்தால் ஜனவரி ஓட்டத்தின் சான்றிதழைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பிப் (நெஞ்சில் குத்திக்கொள்ளும் உங்கள் எண் தாள்) கொடுப்பது போட்டிக்கு முந்தைய நாட்களில். ஓட்டத்தன்று காலை கிடைக்காது என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். அசல் அடையாள அட்டை, உறுதிசெய்த மின்னஞ்சல் இரண்டும் வேண்டும். வேறொருவரை அனுப்பினால் கையெழுத்திட்ட கடிதமும் உங்கள் அடையாள அட்டை நகலும் கொடுத்தனுப்புங்கள். வர முடியாமல் போனால் பிப்பை நண்பருக்குக் கொடுக்காதீர்கள். அவர் வழியில் விழுந்தால் மருத்துவக் குழு பார்க்கப்போவது உங்கள் ரத்த வகையையும் உங்கள் வீட்டு எண்ணையும்தான். பிப்புக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் சிப்பை மடக்காமல், நான்கு மூலையிலும் ஊக்கு குத்தி, நெஞ்சுக்கு முன்னால் வெளியே தெரியும்படி போடுங்கள். ஜாக்கெட்டுக்குள் மறைந்தால் நேரம் பதியாமல் போகலாம். பின்புறம் மருத்துவ விவரம் எழுத இடம் இருக்கும்: சாப்பிடும் மாத்திரைகள், ஒவ்வாமை இரண்டையும் பால்பாயிண்ட் பேனாவில் எழுதிவிட்டு, அதன் மேல் செல்லோடேப் ஒட்டுங்கள். தண்ணீரில் கரையும் மை வியர்வையில் போய்விடும்.